சேஷாசலத்து நெருப்பும் ஜனவரி மாத வேலையும்

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. மெல்பர்னில் வெயில் நாற்பதைத் தொடும் என்று சொல்லியிருந்தார்கள். காலையிலேயே போனில் எச்சரிக்கை வந்துவிட்டது: இன்று திறந்த வெளியில் நெருப்பு மூட்டத் தடை. வெயில் ஏறுவதற்குள் ஏணி போட்டு, கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடும் தகரக் குழாய்களிலிருந்து காய்ந்த யூகலிப்டஸ் இலைகளை வாரிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மகள், "சந்திரகிரி தாத்தா வீட்டிலயும் இப்படிச் செய்வாங்களா அப்பா?" என்று கேட்டாள். அங்கே மொட்டை மாடிம்மா, இலை வாருகிற வேலையெல்லாம் இல்லை என்று சொல்லி முடித்துவிட்டேன்.

அன்று ராத்திரி சூட்டில் தூக்கம் வரவில்லை. இங்கே மணி ஒன்றரை, அங்கே எட்டு. அப்பாவுக்குப் போன் போட்டேன். மாடியில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னப்பா இந்த நேரத்துல மாடியில?"

"மலைக்கு மாலை போட்டிருக்குடா. பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

எங்கள் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாசி, பங்குனியில் சேஷாசல மலையில் காய்ந்த புல் பற்றிக்கொள்ளும். பகலில் வெறும் புகைதான் தெரியும். இருட்டிய பிறகு சரிவில் நெருப்பு ஒரு கோடாக வளைந்து வளைந்து போவது, மலையின் கழுத்தில் யாரோ செவ்வந்தி மாலை போட்ட மாதிரி இருக்கும். சின்ன வயதில் நாங்கள் பாய் விரித்து அதைப் பார்த்தபடியே தூங்கியிருக்கிறோம். அது ஆபத்து என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை.

போனை வைத்த பிறகு மகள் கேட்ட கேள்வி திரும்ப வந்தது. இங்கே ஒரு சாதாரணக் குடித்தனக்காரன் நெருப்பு வருவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று மனப்பாடமாக வைத்திருக்கிறான். அங்கே நாங்கள் மலையடியிலேயே தலைமுறைகளாக இருந்தும் மாடியில் நின்று வேடிக்கை பார்க்கிறோம். ஏன் இப்படி? நான் சரித்திரம் படித்தவன் இல்லை, பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். ஆனாலும் இதைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்காமல் விட மனம் வரவில்லை.

முதலில் ஊரைப் பற்றி நாலு வரி. திருப்பதியிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது சந்திரகிரி. பெனுகொண்டாவுக்குப் பிறகு விஜயநகர அரசர்களின் தலைநகரமாக இருந்த ஊர். 1639-ல் சென்னைப் பட்டினத்துக்கான இடம் ஆங்கிலக் கம்பெனிக்குக் கிடைத்த கதையில் சந்திரகிரி ராஜா பெயர் வரும். கோட்டைக்குள் இருக்கும் ராஜமகாலைப் பார்க்கப் போனால் வழிகாட்டி ஒரு சேதி சொல்லுவார்: இந்தக் கட்டடத்தில் மரமே கிடையாது, கல்லும் செங்கலும் சுண்ணாம்பும்தான். அது நெருப்புக்குப் பயந்து செய்ததா என்று எனக்குத் தெரியாது, அப்படிக் கதை கட்டவும் மாட்டேன். ஆனால் சுற்றிலும் காடு இருந்தும் மரமில்லாத மாளிகை என்பது சின்ன வயதிலிருந்தே எனக்கு ஆச்சரியம்தான்.

ஊர் கை மாறிய கதை பெரியது. வெள்ளைக்காரன் காலத்தில் வட ஆற்காடு ஜில்லா. 1911-ல் சித்தூர் ஜில்லா பிறந்தபோது அதில் சேர்ந்தது. 1953-ல் ஆந்திர மாநிலம். வேங்கடம் யாருக்கு என்று ம.பொ.சி. நடத்திய போராட்டமெல்லாம் நடந்து, 1960-ல் திருத்தணி அந்தப் பக்கம் போனது, நாங்கள் இந்தப் பக்கம் தங்கினோம். 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டம். ஆட்சி இத்தனை மாறினாலும் மலைக்கும் மனிதர்களுக்கும் நடுவில் போட்ட ஒரு கோடு மட்டும் அழியவில்லை. அது 1882-ல் போட்ட கோடு.

அதற்கு முன்பு காட்டில் நெருப்பு வைப்பது குற்றம் என்ற எண்ணமே ஊர்க்காரர்களுக்குக் கிடையாது. மாடு மேய்க்கிறவர்கள் பழைய புல்லைக் கொளுத்துவார்கள், அடுத்த மழைக்குப் பச்சையாகத் தளிர்க்கும் என்று. இலுப்பைப் பூ பொறுக்குகிறவர்கள் மரத்தடிச் சருகைக் கொளுத்துவார்கள். பாம்புக்குப் பயந்து ஒற்றையடிப் பாதை ஓரத்தைக் கொளுத்துவார்கள். ரயில்வேக்குக் கட்டை தேவைப்பட்ட காலத்தில் வெள்ளைக்கார வன அதிகாரிகளுக்கு இது பெரிய விரயமாகத் தெரிந்தது. 1860-களில் மத்திய மாகாணத்துப் போரி காட்டில் நெருப்பைத் தடுத்துக் காட்ட முடியும் என்று செய்து பார்த்தார்கள். அது நாடெங்கும் கொள்கை ஆனது. சென்னை மாகாணத்தில் வருவாய்த்துறையே கொஞ்ச காலம் முரண்டு பிடித்தது, காட்டின் மேல் கிராமத்துக்கு உரிமை உண்டு என்று. கடைசியில் 1882-ல் சென்னை வனச்சட்டம் வந்தது. ரிசர்வ் காடு என்று அறிவித்த இடத்தில் நெருப்பு வைத்தால் தண்டனை.

நியாயமாகப் பேச வேண்டுமானால் அதிகாரிகள் சொன்னதில் பாதி சரி. வருஷா வருஷம் எரிகிற காட்டில் கன்று தலையெடுக்காது. செம்மரம் உலகத்தில் இயற்கையாக வளர்வதே கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்கோடியில்தான். அதன் நாற்று இரண்டு அடி உயரத்தில் இருக்கும்போது வருஷம் ஒரு தீ போனால் எப்படி மரமாகும்?

தப்பு எங்கே நடந்தது என்றால், நெருப்பைத் தடுக்கும்போது நெருப்பை அறிந்தவர்களையும் சேர்த்துத் தடுத்துவிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. 1927-ன் இந்திய வனச்சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு: ரிசர்வ் காட்டில் வேண்டுமென்றோ பெரும் அலட்சியத்தாலோ தீ ஏற்பட்டால், அந்தக் காட்டில் மேய்ச்சல் உரிமை, விளைபொருள் உரிமை எல்லாவற்றையும் அரசு நிறுத்தி வைக்கலாம். வைத்தவன் ஒருவன், பட்டினி கிடப்பது ஊர் மாடு முழுக்க! இதே சட்டம் இன்னொரு பக்கம், காட்டில் உரிமை உள்ளவர்கள் தீயை அணைக்க வந்தே ஆக வேண்டும் என்றும் சொல்கிறது.

இதன் விளைவு எப்படி இருக்கும் என்பதை 1921-லேயே இமயமலை காட்டிவிட்டது. குமாவுன் பகுதியில் காட்டுக் கட்டுப்பாடுகளை எதிர்த்து ஜனங்கள் காட்டுக்கே தீ வைத்தார்கள். அரசு பயந்துபோய்க் கமிட்டி போட்டு, 1931-ல் வன பஞ்சாயத்துகளுக்கு விதி வகுத்தது. காட்டை ஊர் கையில் கொடுத்தால் ஊரே காவல் காக்கும் என்பதை ஆட்சியாளர்கள் நெருப்பில் சுட்டுக்கொண்டுதான் கற்றார்கள்.

இப்போது என் தாத்தா கதை ஒன்று. தாத்தா ரிட்டயர்ட் வாத்தியார். எண்பதுகளின் கடைசியில் என்று ஞாபகம், நான் அரை டிராயர் பையன். ஒரு நாள் சாயங்காலம் ஆடு மேய்க்கிறவர் ஒருவர் பின்வாசல் பக்கமாக வந்து நின்றார். தலையில் துண்டு, முகமெல்லாம் கரி. தெலுங்கில் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, உள்பக்கம் ஓடைக்கு மேலே பிடிச்சிருக்கு. காத்து இந்தப் பக்கம் திரும்பினா ராத்திரிக்குள்ள இறங்கிடும். நீங்க மாடியிலிருந்து பார்த்த மாதிரி போய்ச் சொல்லுங்க."

தாத்தா சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் காட்டிலாகா ஆபீசுக்குப் போனார். ஆட்கள் வந்தார்கள், இலைக் கொத்தால் அடித்து அணைத்தார்கள், எல்லாம் நல்லபடியாக முடிந்தது. திரும்பி வந்த தாத்தாவிடம் கேட்டேன், ஏன் தாத்தா அவரே போய்ச் சொல்லக் கூடாதா? தாத்தா சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது: "புகையைப் பாத்தேன்னு சொன்னா, நீ ஏன்டா அங்க இருந்தேன்னு கேப்பாங்க."

நான் சொல்ல வந்தது மொத்தமும் இந்த ஒரு வரிதான். காட்டுத்தீயை முதலில் பார்க்கிறவன் காட்டுக்குள் இருப்பவன். அவன் வாய் திறக்கப் பயப்படும் இடத்தில் நெருப்புக்கு இரண்டு மணி நேரம் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது.

அந்த இரண்டு மணி நேரம் என்ன செய்யும்? நெருப்பு மேட்டில் ஏறும்போது வேகம் கூடும். சரிவு பத்து டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது இங்கே ஆஸ்திரேலியாவில் தீயணைப்புத் தொண்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாலபாடம். சுடர் மேலே சாய்ந்து, எரியப்போகும் புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் மாட்டிக்கொண்டது இப்படிப்பட்ட புல் சரிவில்தான். 23 உயிர்கள் போயின. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு முறையான விதிகள் வந்தன.

எங்கள் மலைக்குப் பெரிய சோதனை 2014 மார்ச்சில் வந்தது. திருமலையைச் சுற்றியுள்ள காடு நாள்கணக்கில் எரிந்தது. மாநிலம் அப்போது குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்தது, பிரிவினைக்கு மூன்று மாதம்கூட இல்லை. ராணுவம் வந்தது. விமானப்படை ஹெலிகாப்டர்கள் தண்ணீரைத் தூக்கி வந்து ஊற்றின. வனத்துறை, தேவஸ்தானம் எல்லாரும் இறங்கி அணைத்தார்கள். அந்த வேலையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டிவியில் ஹெலிகாப்டரைப் பார்த்தபோது எனக்கு வேறு ஒன்று தோன்றியது. அதை வங்கி பாஷையில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வங்கியில் ஒரு கடன் 90 நாள் கட்டாமல் இருந்தால்தான் வாராக்கடன். ஆனால் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. ஒழுங்காகத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் கடனுக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு சின்ன ஒதுக்கீடு உண்டு, பொதுவாக நூறு ரூபாய்க்கு 40 பைசா. நல்ல காலத்தில் எடுத்து வைக்கும் அந்த 40 பைசா யார் கண்ணிலும் படாது. கடன் முங்கிய பிறகு வக்கீல், கோர்ட், ஏலம் என்று செலவழிப்பது எல்லார் கண்ணிலும் படும். ஹெலிகாப்டர் என்பது ஏலம் மாதிரி. ஜனவரியில் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதுதான் அந்த 40 பைசா.

தீத்தடுப்புக் கோடு என்றால் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. வடகிழக்குப் பருவமழைக்கு எங்கள் மலையில் போதைப்புல் ஆள் உயரம் வளரும். (பழைய கூரை வீடுகளுக்கு வேய்வது அந்தப் புல்தான்.) நல்ல மழை பெய்த வருஷம் என்றால் அடுத்த கோடையில் எரிவதற்கு நிறையப் புல் இருக்கிறது என்றும் அர்த்தம். தை மாதத்தில் பாதையோரங்களிலும் காட்டெல்லையிலும் சில மீட்டர் அகலத்துக்கு அதை அறுத்து, சருகைக் கூட்டி, வெறும் மண்ணாக்க வேண்டும். நெருப்பு அங்கே வந்து தின்ன ஒன்றும் இல்லாமல் நின்றுவிடும். கூடவே கோடை முடியும் வரை தீக்காவலர்கள் வேண்டும். அந்த ஆட்கள் ஓடை எங்கே, பாறை எங்கே, காற்று மதியத்துக்கு மேல் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். அடிவாரத்து யானாதிக் குடும்பங்களையும் ஆட்டுக்காரர்களையும் விட்டால் அது வேறு யாருக்குத் தெரியும்?

இதை ஆந்திராவும் உணராமல் இல்லை. 1992-லிருந்தே வன சம்ரட்சண சமிதி என்று ஊருக்கு ஊர் குழு அமைத்து, காவலில் பங்கு, விளைச்சலில் பங்கு என்று திட்டம் வந்தது. 2006-ல் வன உரிமைச் சட்டம் மத்தியில் வந்தது. 2010-ல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது, பரப்பு சுமார் 4,756 சதுர கிலோமீட்டர். அத்தனை பெரிய காட்டைச் சம்பளக்காரர்களை மட்டும் வைத்துக் காக்க முடியாது என்பது கணக்குத் தெரிந்த யாருக்கும் புரியும்.

ஆனால் நடுவில் செம்மரம் வந்தது. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சந்திரகிரி மண்டலத்துக் காட்டில், செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். இருபது பேரும் தமிழர்கள், திருவண்ணாமலை, தருமபுரி போன்ற மாவட்டங்களிலிருந்து வந்த கூலிகள். அந்த வழக்கின் நியாய அநியாயத்துக்குள் இந்தப் பதிவில் போகவில்லை, அதற்குத் தனியாகவே எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும். அன்றிலிருந்து எங்கள் மலையில் காட்டுக்குள் காலடி வைப்பதே உயிர்ப்பயம் ஆகிவிட்டது. தாத்தா காலத்து ஆட்டுக்காரருக்கு இருந்தது அபராத பயம். இன்றைக்கு ஓடைக்கு மேலே புகையைப் பார்க்கிறவன் எந்த வாசலுக்கு வந்து சொல்வான்?

செயற்கைக்கோள் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, நல்ல விஷயம்தான். 2004-லிருந்து இந்திய வன அளவைத் துறை செயற்கைக்கோள் மூலம் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. 2017-லிருந்து 375 மீட்டர் அளவுக்குத் துல்லியமாகவே பார்க்கிறார்கள். செல்போன் எண்ணைப் பதிவு செய்தால் பொதுமக்களுக்கும் குறுஞ்செய்தி வரும். ஊரில் இருக்கும் உங்கள் தம்பி தங்கைகளிடம் சொல்லுங்கள், காசு ஒன்றும் இல்லை. ஆனால் செயற்கைக்கோள் தலைக்கு மேல் வரும் நேரத்தில்தான் பார்க்கும். ஆடு மேய்க்கிறவர் நாள் முழுக்க அங்கேயே இருக்கிறார்.

நான் இருக்கும் விக்டோரியா மாநிலமும் இதைச் சுலபமாகக் கற்கவில்லை. 1939 ஜனவரியில் 71 பேர் செத்த பிறகு நீதிபதி ஸ்ட்ரெட்டன் விசாரணை நடந்தது. 1945-ல் கிராமப்புறத் தீயணைப்பு ஆணையம் உருவானது. இன்றும் அது பல்லாயிரம் தொண்டர்களை நம்பித்தான் ஓடுகிறது. என் பக்கத்து மேசைக்காரர்கூட அதில் ஒருவர், வீட்டுக்கடன் ஃபைலைப் பாதியில் வைத்துவிட்டு ஓடியிருக்கிறார். அத்தனை இருந்தும் 2009 பிப்ரவரி 7-ஆம் தேதி 173 பேர் இறந்தார்கள். நான் இங்கே வந்து ஒரு வருஷம்கூட ஆகாத சமயம். மெல்பர்னில் அன்று 46.4 டிகிரி. அதன் பிறகு வீடு கட்டுவதற்கே விதி மாறியது. காட்டுத்தீப் பகுதியில் வீடு கட்டக் கடன் கேட்டு வருகிறவர்களின் காகிதங்களில் அந்த மனையின் தீ அபாய மதிப்பீடும் சேர்ந்து வருகிறது. ஆக, பணக்கார நாடும் அடி வாங்கி அடி வாங்கித்தான் கற்கிறது. பூர்வகுடிகள் குளிர்ந்த பருவத்தில் சின்னச் சின்னதாகக் கொளுத்திக் காட்டைப் பராமரித்த முறையை, இருநூறு வருஷம் ஒதுக்கி வைத்துவிட்டு இப்போதுதான் அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். நம் பக்கம் பிலிகிரி ரங்கன் மலைச் சோளகர்களும் இதையேதான் சொல்கிறார்கள்: சருகுக்கு நாங்கள் வைத்த சின்னத் தீயை நிறுத்தியதும் உண்ணிச்செடி காட்டை மூடிவிட்டது, இப்போது வந்தால் பெருந்தீதான் வருகிறது என்று.

ஒவ்வொரு மலைக்கும் இது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. செம்மர நாற்றுக்கு நெருப்பு ஆகாது என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். எங்கே கூடாது, எங்கே எப்போது சிறிதாக வைக்கலாம் என்பதை வனத்துறையும் ஊரும் உட்கார்ந்து பேச வேண்டும். பேச வேண்டுமென்றால் முதலில் பயம் போக வேண்டும். இங்கே மூன்று சைபரை அழுத்திப் புகை தெரிகிறது என்று சொன்னால், எங்கே என்று கேட்பார்கள். நீ ஏன் அங்கே போனாய் என்று கேட்பதில்லை.

காலமும் நமக்குக் காத்திருக்கவில்லை. 2022 மார்ச், 1901-லிருந்து கணக்கெடுத்ததில் நாட்டின் மிக வெப்பமான மார்ச்சாகப் பதிவானது. நாட்டின் காடுகளில் 36 சதவீதத்துக்கு மேல் அடிக்கடி தீப்பிடிக்கும் தன்மை உள்ளவை என்று வன அளவைத் துறையின் 2019 அறிக்கை சொல்கிறது. சேஷாசலத்தில் எரிவது வெறும் புல் இல்லை. திருப்பதிக்குக் குடிநீர் தரும் கல்யாணி அணை சந்திரகிரிப் பக்கத்து மலைத் தண்ணீரில்தான் நிறைகிறது. ஸ்ரீவாரி மெட்டுப் படிகளில் தினமும் ஆயிரக்கணக்கில் குழந்தை குட்டிகளோடு ஏறுகிறார்கள். மாலை மாதிரி அழகாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

மறுநாள் அப்பாவைக் கூப்பிட்டேன். நெருப்பு விடிகாலையில் அடங்கிவிட்டதாம். "யாருப்பா அணைச்சது?" என்றேன். "தெரியலடா. யாரோ போயிருப்பாங்க" என்றார்.

அந்த 'யாரோ' யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லி அப்பாவைத் தொந்தரவு செய்தேன். ஒரு வாரம் கழித்துச் சொன்னார்: வனத்துறைத் தற்காலிகக் காவலர் மூன்று பேர், கூட அடிவாரத்து ஆட்டுக்காரர் இரண்டு பேர். அதில் ஒருவர், அன்று பின்வாசலில் வந்து நின்றவரின் மகனாம்.

சித்தப்பாவுக்கு மலையடியில் மூன்று ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. காட்டெல்லையை ஒட்டிய அந்த வேலியோரத்துப் புல்லை அறுக்க, வருகிற ஜனவரியில் அந்தக் குடும்பத்துக்கே கூலி கொடுப்பது என்று பேசி முடித்திருக்கிறோம். பணம் என் பொறுப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தேன், இங்கே ஒரு தடவை குடும்பத்தோடு ஹோட்டலில் சாப்பிடும் செலவுதான் வருகிறது. மூன்று ஏக்கர் ஓரத்தை அறுத்தால் சேஷாசலம் பிழைத்துவிடாது, தெரியும். ஆனால் சித்தப்பாவிடம் ஒரு வேலை கூடுதலாகச் சொல்லியிருக்கிறேன். புகையைப் பார்த்து யாராவது வந்து சொன்னால், ஏன் அங்கே இருந்தாய் என்று கேட்காமல், போனை எடுத்து வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். தாத்தா செய்த வேலைதான்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலும் ஒரு மலை இருக்கும். ஜவ்வாதோ, கொல்லியோ, சிறுமலையோ. அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது, தை மாதம் அங்கே யாராவது கோடு வெட்டினார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.